படம் கெட்டால் முதலில் எம்ஏஎஸ்ஸைத் தொடாதீர்கள்: மலையில் ஓர் எக்ஸ்ரே அறையின் கோளாறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். அதற்கு முன் கூடலூரில் சில வருடங்கள். இரண்டு இடத்திலும் ஒரே கதைதான். இயந்திரம் மக்கர் செய்தால் சர்வீஸ் இன்ஜினியர் கோவையிலிருந்து மலையேற வேண்டும். மலைப்பாதையில் மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ அன்றைக்கு அவர் வரமாட்டார். ஆனால் தோட்டத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிய அக்கா காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அந்த நெருக்கடியில் நம் கை தானாக எம்ஏஎஸ் பொத்தானுக்குப் போகும், கதிரின் அளவைக் கூட்டிக் குறைப்பது அதுதான். கொஞ்சம் கூட்டினால் படம் தெளிந்துவிடும், வரிசையும் நகரும். ஃபிலிம் காலத்தில் அப்படிச் செய்தால் படம் கருத்து நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபிலிமுக்குப் பதில் கேசட்டுக்குள் இருக்கும் பிளேட்டில் பதித்து ரீடரில் படிக்கும் சிஆர், நேரே கணினிக்கே படம் அனுப்பும் டிஆர் வந்தபின் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. இரண்டு மடங்கு கொடுத்தாலும் கணினி சமன்செய்து அழகாகவே காட்டும். கோளாறு அப்படியே இருக்க, அதன் விலையை நோயாளியின் உடம்பு கட்டிக்கொண்டிருக்கும். அதனால் கீழே உள்ளதை எல்லாம் எம்ஏஎஸ்ஸைத் தொடுவதற்கு முன் பாருங்கள்.

படம் மணல் மணலாக இருக்கிறது

அடிக்கடி வருவது இதுதான். நுரையீரல் படத்தில் இதயத்துக்குப் பின்னால், இடுப்புப் படத்தில் முதுகெலும்புக்கு மேல், ரவை தூவியது போல் தெரியும். பெரும்பாலும் கதிர் போதவில்லை என்று பொருள். ஏன் போதவில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் படத்தின் ஓரத்தில் இருக்கும் எக்ஸ்போஷர் எண்ணைப் பாருங்கள். ஃபியூஜி, கோனிகா ரீடர் என்றால் எஸ் எண். இது தலைகீழ்க் கணக்கு: எண் ஏறினால் கதிர் குறைவு, 200 இருந்த இடத்தில் 400 வந்தால் பாதிக் கதிர்தான் பிளேட்டுக்குப் போயிருக்கிறது. கேர்ஸ்ட்ரீமில் எண் 300 ஏறினால் கதிர் இரட்டிப்பு. அக்ஃபாவில் 0.3 ஏறினால் இரட்டிப்பு. புதிய டிஆர் கருவிகளில் டிஐ என்று ஓர் எண் வரும். பூஜ்யம் சரி, மூன்று கூடினால் இரண்டு மடங்கு, மூன்று குறைந்தால் பாதி. வேறு கம்பெனி ரீடரில் பழகியவர் புதிய இடத்துக்கு வந்தால் முதல் வாரம் கட்டாயம் குழம்புவார். கூடலூரில் நானே எஸ் எண்ணை நேர்க்கணக்காக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தேவையில்லாமல் கதிரைக் கூட்டிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, படங்கள் எல்லாம் ஜோராக இருந்தன!

எண் சரியாக இருந்தும் படம் மணலாக இருந்தால், கணினியில் தப்பான உறுப்பைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். இன்னொரு முறை எடுக்க வேண்டாம், மெனுவை மாற்றினால் போதும்.

எண்ணும் கதிர் குறைவு என்றே சொன்னால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தூரம். 100 செ.மீ.க்கு எழுதிய கணக்கை 140 செ.மீ.யில் போட்டால் பாதிக் கதிர்தான் வரும். டியூப் ஸ்டாண்டில் ஒட்டிய டேப்பை நம்பாமல் ஒருமுறை தையல் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு, கேசட் ரீடருக்குப் போகத் தாமதமானதா? பிளேட்டில் பதிந்தது வைத்திருக்க வைத்திருக்க மங்கும், எட்டு மணி நேரத்தில் கால்வாசி போய்விடும். ராத்திரி டியூட்டியில் எடுத்து, கரண்ட் இல்லாமல் காலையில் படிக்கவைத்த கேசட்டுகளில் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவது மின்சாரம், மலையில் பெரும்பாலும் இதுதான். மழைக்காலச் சாயங்காலத்தில், ஊரே ஹீட்டரும் கெய்சரும் போடும் நேரத்தில், வோல்டேஜ் படுத்துவிடும். புதிய ஹை ஃப்ரீக்வென்சி இயந்திரங்கள் ஓரளவு சமாளிக்கும், அல்லது எக்ஸ்போஷர் தர மாட்டேன் என்று அடம்பிடித்து நிற்கும். பழைய போர்ட்டபிள் இயந்திரம் அடமெல்லாம் பிடிக்காது. பேனலில் 70 கேவி (கதிரின் ஊடுருவும் வலு இதைப் பொறுத்தது) என்று காட்டிவிட்டு அதைவிடக் குறைவாகக் கொடுக்கும். அந்தக் கதிர் உடம்பைத் தாண்டி பிளேட்டுக்கு வராமல் தோலிலேயே தங்கிவிடும். அப்போது எம்ஏஎஸ்ஸைக் கூட்டுவது, ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. 15 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டப், எப்போதும் ஒரே கேசட், ஒரே தூரம், ஒரே கேவி, ஒரே எம்ஏஎஸ். காலையில் ஒன்று, வோல்டேஜ் குறையும் நேரத்தில் ஒன்று. எடுத்த கையோடு ரீடரில் போட்டு எண்ணை நோட்டில் எழுதுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மின்சாரத்தின் மேல் பழி இல்லை. சாயங்கால எண் விலகினால் ஸ்டெபிலைசரையும் எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். காலையிலேயே விலகி, வாரா வாரம் இன்னும் விலகிக்கொண்டே போனால் டியூப் அல்லது ஜெனரேட்டர். அது இன்ஜினியர் வேலை. அளவி கொண்டு சோதிக்கும்போது கேவி, பேனலில் காட்டுவதிலிருந்து 5க்கு மேல் விலகக்கூடாது, நேரம் 10 சதவீதத்துக்கு மேல் தவறக்கூடாது. அது நம் தண்ணீர் டப்பில் தெரியாது. ஏதோ மாறியிருக்கிறது என்பது மட்டும் தெரியும், அவரைக் கூப்பிட அது போதும்.

வெளிச்சம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்

கதிர் எங்கே விழும் என்று காட்டி அதன் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கொலிமேட்டரின் வெளிச்சத்தை விரலில் சரியாக வைத்தோம், படத்தில் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. அடுத்த முறை என்ன செய்வோம்? வெளிச்சத்தை அகலத் திறப்போம். ஒரு மாதத்தில் அதுவே பழக்கமாகிவிடும். கை எக்ஸ்ரேயில் மடியும் சேர்ந்து கதிர் வாங்கும்.

பல்பு மாற்றும்போது கொஞ்சம் கோணலாகப் பொருத்தியிருக்கலாம், உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம், ட்ராலி படியில் இடித்திருக்கலாம். சோதனைக்கு ஒன்பது ஒரு ரூபாய் நாணயம் வேண்டும். கேசட்டை மேசையில் வைத்து டியூபை 100 செ.மீ. உயரத்தில் நேராக நிறுத்துங்கள். கேசட்டின் விளிம்புக்குள் நான்கு பக்கமும் இடம் விட்டு வெளிச்சத்தைத் திறங்கள். ஒவ்வொரு பக்கமும் வெளிச்சத்தின் கோட்டை ஒட்டி உள்ளே ஒரு நாணயம், வெளியே ஒரு நாணயம், இரண்டும் தொட்டுக்கொண்டு. ஒன்பதாவதை நோயாளி தலை இருக்கும் மூலையில் வையுங்கள், இல்லாவிட்டால் படம் வந்தபின் எந்தப் பக்கம் எது என்று மண்டை காயும். குறைந்த கேவியில் ஒரு எக்ஸ்போஷர். ரீடரில் சோதனைப் படத்துக்கான மெனுவைத் தேர்ந்தெடுங்கள், வழக்கமான மெனு ஓரத்தைத் தானே வெட்டிவிடும், ஓரம்தான் நமக்கு வேண்டியது.

கருத்த பகுதியின் விளிம்பு இரண்டு நாணயமும் தொடும் இடத்தில் வந்தால் அருமை. அனுமதிக்கப்பட்ட விலகல் தூரத்தில் 2 சதவீதம், 100 செ.மீ.க்கு 2 செ.மீ. ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமும் ஏறக்குறைய அதுதான். விளிம்பு ஒரு முழு நாணயத்தைத் தாண்டிவிட்டால் கணக்குப் போடவே வேண்டாம், அளவு மீறிவிட்டது. சரிசெய்யும் திருகுகள் கொலிமேட்டரிலேயே இருக்கும். தொடாதீர்கள். நான் ஒருமுறை தொட்டேன், ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் இன்னும் கெட்டது. இன்ஜினியர் வரும்வரை எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்று அட்டையில் எழுதி டியூபில் ஒட்டிவைத்து, அதற்கேற்ப மையத்தை நகர்த்தி எடுங்கள்.

நடுவில் மட்டும் படம், இரண்டு பக்கமும் வெள்ளை

சிதறும் கதிரை வடிகட்டும் கிரிட் தட்டைக் குப்புறப் போட்டிருக்கிறீர்கள். திருப்பிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளுத்தால் டியூப் நடுவில் இல்லை அல்லது கிரிட் சாய்ந்திருக்கிறது. வார்டில் மெத்தை மேல் எடுக்கும்போது இது சகஜம்.

கோடு, புள்ளி, ஆவி

ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில், பிளேட் நகரும் திசையில் நேர்கோடு விழுந்தால் தூசி ரீடருக்குள் இருக்கிறது. எந்தக் கேசட்டைப் போட்டாலும் வரும். ஒரே கேசட்டில் மட்டும் வெள்ளைப் புள்ளி வந்தால் அந்தப் பிளேட்டில் தூசி. கேசட்டின் நம்பரைக் குறித்துக்கொண்டு, கம்பெனி சொன்ன திரவத்தால் மட்டும் துடையுங்கள். ஸ்பிரிட்டை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் துணியே ஒரு வாரத்துக்குக் காயாது. அங்கே பிளேட்டில் மேகம் போல் படலம் தெரிந்தால் அது பூஞ்சை. கேசட் அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஊட்டியில் வேறு விதம். குளிர்ந்து கிடக்கும் அறையில் திடீரென்று ஹீட்டரைப் போட்டு, பக்கத்தில் டீக்கு வெந்நீரும் கொதிக்கவைத்தால் ஈரம் போய் குளிர்ந்த இரும்பில் முத்து முத்தாக உட்காரும். ரீடர் அறையில் கெட்டில் வேண்டாம் என்று நான் சொல்லி எவ்வளவோ சண்டை ஆகியிருக்கிறது.

முந்தைய நோயாளியின் விலா எலும்பு இன்றைய முழங்காலில் லேசாகத் தெரிந்தால், பிளேட் சரியாக அழியவில்லை. முந்தைய படம் அளவுக்கு மீறிய கதிரில் எடுக்கப்பட்டதா என்று அந்த எண்ணையும் பாருங்கள். ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்த கேசட்டை, காலையில் வந்ததும் ஒருமுறை அழித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

காலையில் முதல் எக்ஸ்போஷரில் சத்தம்

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில், எக்ஸ்ரே அறையும் ஃப்ரிட்ஜ் மாதிரிதான் இருக்கும். டியூபுக்குள் கதிர் பிறக்கும் தட்டான ஆனோடும் அப்படியே. வந்தவுடன் இடுப்பெலும்புக்கு முழு லோடு கொடுத்தால் குளிர்ந்த டங்ஸ்டன் தட்டில் விரிசல் விழலாம். சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதேதான், திசை மட்டும் மாறி. கொலிமேட்டரை மூடிவிட்டு, யாரும் அறையில் இல்லாமல், கையேட்டில் சொன்ன வார்ம் அப் எக்ஸ்போஷர்களைச் சிறிதிலிருந்து பெரிதாகக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆனோடைச் சுழற்றும் ரோட்டர் சுற்றும்போது கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் பேரிங் தேய்கிறது. சில வாரம் ஓடும், ஆனால் இன்றே போன் செய்யுங்கள். பட்டாசு மாதிரி 'டப்' என்று வெடித்தால், அல்லது டியூபில் ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும் எம்ஏ முள் துள்ளினால், நிறுத்துங்கள். ஹை டென்ஷன் கேபிள் முனையில் ஈரம் ஏறியிருக்கலாம், டியூபுக்குள் வாயு சேர்ந்திருக்கலாம், எண்ணெய் கசிந்திருக்கலாம். 'இன்னொரு தடவை பார்ப்போம்' என்பது இங்கே கூடாது.

டிஎல்டி ரிப்போர்ட்டில் அளவு ஏறியிருக்கிறது

நாம் அணியும் டிஎல்டி பேட்ஜ் எவ்வளவு கதிர் வாங்கியது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தத் தாளில் வழக்கமாகப் பூஜ்யமோ அதை ஒட்டியோதான் இருக்கும். ஒரு காலாண்டில் எங்கள் அறையில் ஒரு தம்பிக்கு மட்டும் பெரிய எண் வந்தது. வீட்டில் சொல்லாமல் இரண்டு நாள் சாப்பிடாமல் திரிந்தான். விசாரித்தால், ஈய ஏப்ரனைக் கழற்றும்போது பேட்ஜையும் அதிலேயே குத்திவிட்டுப் போவது அவன் வழக்கம். ஏப்ரன் ஆணி இருந்தது செஸ்ட் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில். மூன்று மாதம் அந்தப் பேட்ஜ், நிற்கும் ஒவ்வொரு நோயாளியோடும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் கேள்வி: பேட்ஜ் எங்கே இருந்தது? ஆய்வுக்கூடத்தால் எவ்வளவு கதிர் விழுந்தது என்று சொல்ல முடியும். உள்ளே இருக்கும் மூன்று வில்லைகளில் ஒன்று திறந்தபடி, ஒன்று பிளாஸ்டிக்குக்குப் பின்னால், ஒன்று உலோகத்துக்குப் பின்னால் இருப்பதால் எந்த வகைக் கதிர் என்றும் ஓரளவு சொல்வார்கள். அப்போது பேட்ஜ் உங்கள் நெஞ்சில் இருந்ததா, ஆணியில் இருந்ததா என்று சொல்ல அவர்களால் முடியாது. அதை நீங்கள்தான் உண்மையாக எழுதித்தர வேண்டும். நெஞ்சில்தான் இருந்தது என்றால் அந்த மூன்று மாதத்தில் படம் எடுக்கும்போது எந்த நோயாளியைப் பிடித்துக்கொண்டீர்கள், வார்டு போர்ட்டபிள் எத்தனை, ஸ்விட்ச் வயர் முழு நீளம் இருந்ததா என்று தேட வேண்டும். நமக்கான வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளி வாங்குவது சுமார் 0.02.

குளிருக்கு ஸ்வெட்டர், அதன் மேல் கோட் என்று போடும் ஊர் இது. பேட்ஜ் எந்த அடுக்கில் இருந்தாலும் சரி, ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் எப்போதும் பூஜ்யமே வருகிறதா? அதையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். பெட்டியில் ஒரு கன்ட்ரோல் பேட்ஜ் வரும், யாரும் அணிவதில்லை. சுற்றுப்புறத்தில் இயற்கையாக இருக்கும் கதிரை அது அளந்து தரும், நம் பேட்ஜுகளிலிருந்து அதைக் கழிப்பார்கள். இந்த உயரத்தில் வானத்திலிருந்து வரும் கதிர் சமவெளியைவிட அதிகம். ஊட்டியில் கடல்மட்டத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தை ஊட்டியில் வைத்திருக்கிறது, உயரமும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கன்ட்ரோல் பேட்ஜை யாரோ எக்ஸ்ரே அறை மேசை டிராயரில் போட்டு வைத்தால் அது நம் கதிரையும் சேர்த்து வாங்கும், கழிக்கும்போது எல்லோருடைய அளவும் பொய்யாகக் குறைந்துவிடும். ஆபீஸ் அறையில், எக்ஸ்ரே சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அனுப்பும்போது மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.

ஏப்ரன் மடிப்பில் வெடிப்பு

மடித்து ஸ்டூலில் போட்டால் ஆறு மாதத்தில் உள்ளே ஈயத்தாள் கிழியும், வெளியே துணி புதிதாகவே இருக்கும். தடவிப் பார்த்து, சந்தேகமான இடத்தைக் கேசட் மேல் விரித்துப் படம் எடுத்தால் விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும். கம்பியில் தொங்கவிடுங்கள். பூஞ்சை வந்தால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் ஆறவிடுங்கள்.

கதவு மூடமாட்டேன் என்கிறது

ஜூலையில் மரக்கதவு உப்பும். சாத்தினால் நான்கு விரல் இடைவெளி நிற்கும், நாமும் 'பரவாயில்லை' என்று எடுப்போம். அந்த இடைவெளிக்கு நேரே வெளியே யார் உட்கார்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் இடத்தில் அது வரிசையின் முதல் நாற்காலி. நாற்காலியை இன்றே நகர்த்துங்கள், தச்சரை நாளைக்குக் கூப்பிடலாம். கதவில் 1.7 மி.மீ. ஈயத்தகடாவது இருக்க வேண்டும், சுவர் 23 செ.மீ. செங்கல். பழைய கதவில் தகடு தன் கனத்தாலேயே ஆணியிலிருந்து இறங்கி, மேலே இடைவெளி விட்டிருக்கும். அழித்த கேசட் ஒன்றில் சாவியை ஒட்டி, கதவுக்கு வெளியே ஒருநாள் மாட்டிவைத்தால், சாவியின் நிழல் பதிந்ததா இல்லையா என்று தெரியும். முறையான அளவீட்டுக்கு இது மாற்றில்லை, ஆனால் நிர்வாகத்திடம் காட்ட அந்தச் சாவிப் படத்தைவிட நல்ல மனு கிடையாது.

குழந்தை அசைகிறது, படம் கலங்குகிறது

எம்ஏஎஸ் மாறாமல், நேரத்தைக் குறைத்து எம்ஏவைக் கூட்டுங்கள். அப்புறமும் யாராவது பிடித்தே ஆக வேண்டும் என்றால் கூட வந்தவர் பிடிக்கட்டும், ஏப்ரன் போட்டுக்கொண்டு, விழும் கதிருக்கு வெளியே நின்று. தாய் என்றால் முதலில் அவர் கர்ப்பமா என்று கேட்டுவிட்டு. ஆஸ்பத்திரி ஆயா தினமும் பிடிப்பது என்ற பழக்கம் எங்கே இருந்தாலும் நிறுத்த வேண்டியது. நோயாளியிடமிருந்து ஒரு மீட்டரில் வரும் சிதறல், அவர் மேல் விழுவதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் தள்ளினால் அதிலும் கால்பங்கு.

"நாள் தள்ளிப் போயிருக்கு சார்"

படம் எடுத்து முடித்தபின் இது வருகிறது என்றால், முதலில் கேட்காதது நம் கோளாறு. கூட்டத்தில் உரக்கக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். அறைக்குள், கதவைச் சாத்தி, முடிந்தால் நர்ஸ் அக்காவை வைத்து, "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்க வேண்டும். சொன்ன தேதியைப் படிவத்தில் எழுத வேண்டும்.

சொல்லாமல் விட்டாயிற்று, எடுத்தும் ஆயிற்று. பயமுறுத்தாதீர்கள். எந்த உறுப்பு, கேவி, எம்ஏஎஸ், தூரம், எத்தனை முறை, எல்லாவற்றையும் உடனே எழுதி டாக்டரிடமும் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியிடமும் கொடுங்கள். நெஞ்சுப் படம் என்றால் கருவுக்குப் போவது 0.01 மில்லி கிரேக்கும் கீழே. வயிறு, இடுப்பு என்றால் ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு மில்லி கிரே. 100 மில்லி கிரேக்குக் கீழே, கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்பது சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. இதைத் தெரியாமல் யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லி, ஒரு பெண் கீழே கோவைக்கு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்ஜினியருக்குப் போன் செய்யும்போது

'மெஷின் ஓடலை' என்று மட்டும் சொன்னால் அவர் வெறும் கையோடு வந்து பார்த்துவிட்டு, பாகம் எடுக்கத் திரும்பக் கீழே போவார். திரையில் வந்த எரர் நம்பர், சத்தம் எப்போது வருகிறது, ஸ்டெபிலைசர் காட்டும் வோல்டேஜ், தண்ணீர் டப்பின் கடைசி நான்கு எண்கள், நாணயப் படத்தின் போட்டோ, இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் டியூபோ கொலிமேட்டரோ ஜெனரேட்டர் போர்டோ மாற்றிவிட்டு, "இப்போ சரியாயிடுச்சு, எடுங்க" என்று சொல்லும்போது அவசரப்பட வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்யும் க்யூஏ (தர உறுதி) சோதனை, இப்படி முக்கியமான பாகம் மாறிய பிறகும் உண்டு. அந்தத் தாள் கைக்கு வந்ததும், தண்ணீர் டப்பை மறுபடி நிரப்பிப் புதிய எண்ணை நோட்டின் புதுப் பக்கத்தில் எழுதிவிட்டு, வெளியே இருக்கும் முதல் ஆளைக் கூப்பிடுங்கள்.